மலைக்கு மேற்கே ஒரு வெள்ளிலை

“இது வெள்ளிலை இல்லை” என்றார் பெரியம்மா. ஆரியங்காவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசற்படியில் அப்போதுதான் கால் வைத்திருந்தார். கையிலிருந்த பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. படிக்கு அருகே தொட்டியில் நின்ற செடியை ஒரு முறை பார்த்தார், சொன்னார், உள்ளே போய்விட்டார். நான் விடவில்லை. பின்னாலேயே போய், இரண்டும் ஒரே பேரினம், பெயரே முசெண்டாதான் என்று செல்பேசியில் படங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். “சொந்தக்காரியாக இருக்கலாம். ஆள் அவள் இல்லை” என்றார்.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அந்தச் செடிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தென்காசி சாலையில் இருக்கும் ஒரு நாற்றுப்பண்ணையில் முதலில் “வெள்ளிலை இருக்கிறதா?” என்று கேட்டேன். வெற்றிலைக் கொடித் தொட்டியைக் காட்டினார்கள். அதைத் தவறு என்று சொல்ல முடியாது; பழைய தமிழில் வெள்ளிலை என்பது வெற்றிலைக்கும் பெயர்தான். பிறகு நான் கையை விரித்து, பச்சைச் செடியில் அங்கங்கே வெள்ளை இலை தொங்கும், நடுவில் சின்னதாக ஆரஞ்சு நிறப் பூ இருக்கும் என்று விவரித்தேன். உடனே “முசாண்டாவா?” என்று கேட்டு இதைக் கொண்டுவந்து வைத்தார்கள். கிளை நுனிதோறும் வெள்ளைக் கொத்து, கைக்குட்டையைக் கசக்கிச் செருகியதைப் போல. அழகாகத்தான் இருந்தது. நான் தேடியது கிடைத்துவிட்டது என்று நம்பித்தான் வாங்கினேன்.

நான் தேடியது சிறு வயதில் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்த செடி. மீட்டர் கேஜ் பாதை இருந்த காலம். முழுப் பரீட்சை விடுமுறை விட்டதும் செங்கோட்டையில் ஏறினால், பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் இருட்டில் நாங்கள் கூச்சலிட்டு முடிக்கும்போது மறுபக்கம் வேறு உலகம் திறக்கும். இந்தப் பக்கம் பனையும் வயலும் வெயிலும். அந்தப் பக்கம் ஈரமும் பச்சையும். அந்தப் பச்சைச் சரிவில் யாரோ காகிதத்தைக் கிழித்துத் தூவியதைப் போல வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வண்ணத்துப்பூச்சிகள் உட்கார்ந்திருக்கின்றன என்று அண்ணன் சொல்வான். காற்றடித்தால் அவை சிறகடிக்கவும் செய்யும், ஆனால் பறக்காது. பெரியம்மா வீட்டு வேலியிலும் அதே செடி நிற்கும். அந்த வீட்டில் எல்லாரும் தமிழ்தான் பேசுவார்கள். ரப்பர் பால் வெட்டும் வேலைக்காக இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறிப் போன குடும்பம். ஆனால் செடி கொடிகளின் பெயர்கள் மட்டும் மலையாளத்தில் வரும். இட்லிப்பூ அங்கே தெச்சி. இது வெள்ளில.

அந்த ஊரில் இதற்கு ஒரு விடுகதை உண்டு. பெரியம்மா அதைத் தமிழாக்கி எங்களிடம் போடுவார்: அம்மா கருப்பி, மகள் வெளுப்பி, மகளுக்கு மகள் பேரழகி, அது என்ன? கரும்பச்சைச் செடி அம்மா. வெள்ளை இலை மகள். ஆரஞ்சுப் பூ பேத்தி. விடை தெரிந்த பிறகும் ஒவ்வொரு விடுமுறையிலும் புதிதாகக் கேட்பதைப் போலக் கேட்போம்.

நாற்றுப்பண்ணைச் செடியில் அம்மா இருந்தாள், மகள்கள் கூட்டமாக இருந்தார்கள். பேத்தியைத்தான் தேட வேண்டியிருந்தது.

கணுவைப் பார்

பெரியம்மா ஊருக்குப் போன பிறகு செடியின் முன்னால் உட்கார்ந்து சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். பூவைக் கொண்டு செடியை அடையாளம் காண்பதுதான் நம் பழக்கம். இந்தச் செடியில் அது ஏமாற்றிவிடும். முதலில் பார்க்க வேண்டியது கணு. இலைகள் எதிரெதிராக இணை இணையாக வரும். இரண்டு இலைக்காம்புகளுக்கும் இடைப்பட்ட தண்டில், இரு புறமும், நகத்துணுக்கு அளவில் ஒரு சிறு செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். தாவரவியலில் இலையடிச் செதில் என்பார்கள். எதிரிலைகளும், அவற்றின் காம்புகளுக்கு நடுவே இந்தச் செதிலும் சேர்ந்து இருந்தால் அநேகமாக அது காப்பிக் குடும்பம், அதாவது ரூபியேசி. ஏறத்தாழ 13,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. காப்பிச் செடியில் பாருங்கள், இருக்கும். இட்லிப்பூச் செடியில் பாருங்கள், அங்கே கூரிய முள்முனைபோல நிற்கும். முசெண்டாவில் அது நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எந்தச் செடியைக் கண்டாலும் என் விரல் தானாகக் கணுவுக்குப் போகிறது.

அடுத்தது அந்த வெள்ளை. அது இலை இல்லை, பூவிதழும் இல்லை. மொட்டை வெளியிலிருந்து மூடிக் காக்கும் பச்சைப் புல்லிதழ்கள் ஐந்தில் ஒன்றுதான் இப்படி நீண்டு, அகன்று, வெளுத்து, காம்போடு தொங்குகிறது. காட்டுச் செடியில் ஒரு கொத்தில் பத்திருபது பூக்கள் இருந்தாலும் ஓரத்திலுள்ள சில பூக்களுக்கு மட்டுமே இந்த வெள்ளைப் புல்லிதழ் உண்டு. மற்ற பூக்களில் ஐந்தும் மெல்லிய பச்சை நூல்களாக இருக்கும். உண்மையான பூ ஒரு சிறு குழல்; அதன் வாயில் ஐந்து முனை கொண்ட ஆரஞ்சு நட்சத்திரம்; நட்சத்திரத்தின் நடுவே மஞ்சள் மகரந்தத்தைத் தொட்டு வைத்ததைப் போல அடர்ந்த பட்டு ரோமம். வெள்ளைப் புல்லிதழைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இலையில் உள்ள அதே நரம்புப் பின்னல் தெரியும். நடுநரம்பு, பக்க நரம்புகள், அவற்றுக்கிடையே வலை. பச்சை மட்டும் இல்லை.

பூவின் உறுப்புகள் அனைத்தும் உருமாறிய இலைகளே என்று ஜெர்மானியக் கவிஞர் கதே 1790-இல் எழுதினார். இன்றைய தாவரவியலும் பெரும்பாலும் அந்த வழியில்தான் நிற்கிறது. இலை, அதிலிருந்து புல்லிதழ், அதிலிருந்து அல்லி, அதாவது பூவிதழ். அம்மா, மகள், பேத்தி. ஆரியங்காவு வேலியோரத்தில் பிள்ளைகளுக்குப் போட்ட விடுகதை அதே வரிசையைத்தான் சொல்கிறது. இதை முதன்முதலில் உணர்ந்த அன்று எழுந்துபோய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பெரியம்மாவுக்குத்தான் போன் செய்தேன். கேட்டுவிட்டு, “அதைத்தானே உனக்கு நாலு வயதில் சொன்னேன்” என்றார்.

சரி, என் வாசலில் நின்றது யார்? அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். லூசான் தீவின் மக்கிலிங் மலையில் 1915-இல் ஒரு முசெண்டாச் செடியைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்து புல்லிதழ்களும் பெரிதாக வெளுத்திருந்தன. பின்னாளில் அதற்கு அதிபர் மானுவல் கேசோனின் மனைவி அரோராவின் பெயரை வைத்து, டோன்யா அரோரா என்று அழைத்தார்கள். அதையும் ஆப்பிரிக்கச் சிவப்பு முசெண்டாவையும் கலந்து பிறந்தவைதான் இன்று கல்யாண மண்டபங்களின் முன்னால் நிற்கும் இளஞ்சிவப்பு வகைகள். தாய்லாந்து ராணி சிறிகிட்டின் பெயரிலும் ஒன்று உண்டு. இவை விதை பிடிப்பது அரிது. அதனால் கிளையிலேயே வேர் பிடிக்கவைக்கும் விண்பதியமோ, தண்டை வெட்டி நடும் போத்தோ போட்டுத்தான் பெருக்குகிறார்கள். நம் மலையில் இருப்பதைப் பொதுவாக முசெண்டா ஃப்ரொண்டோசா என்று எழுதுகிறார்கள். அதற்கு நெருங்கிய வேறு இனங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன. இலையின் ரோமத்தையும் சாதாரணப் புல்லிதழின் நீளத்தையும் வைத்துப் பிரிக்க வேண்டும். முசெண்டா என்பது சிங்களத்திலிருந்து போன சொல். ஃப்ரொண்டோசா என்றால் இலை நிறைந்தது. அதாவது 1753-இல் பெயர் சூட்டிய லின்னேயஸின் கண்ணிலும் முதலில் பட்டது இலைதான்.

அதற்கும் முன்பே, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான, மலபார்ச் செடிகளைப் பற்றிய லத்தீன் நூலான ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸின் பன்னிரண்டு தொகுதிகளில் இரண்டாவதில் இந்தச் செடி படத்தோடு இருக்கிறது. பெயர் ‘பெலில்லா’. நம் வெள்ளிலதான். இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட பெயர்கள் அவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டிப் போன அந்தப் பெயரைச் சொல்லி, முக்கால் மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு செடி வாங்க முடியவில்லை. அந்த வருத்தத்தில்தான் அவளையே கொண்டுவந்து வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

தண்ணீர்

வனத்துறைக் காட்டில் கை வைக்கக் கூடாது. அதைப் பெரியம்மாவும் அனுமதிக்க மாட்டார். அவர் வீட்டு வேலியில் கிணற்றடியில் நின்ற புதர் ஒன்று, பின்பக்கம் ரப்பர் மரங்களின் ஓரத்தில் நின்றது ஒன்று, இரண்டிலிருந்தும் போத்து வெட்டினேன். இளம்பச்சை மாறி லேசாகப் பழுப்பேறிய தண்டாக, ஒரு சாண் நீளத்தில், இரண்டு மூன்று கணுக்களோடு எடுக்க வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பையில் செருகி, மேலே ஒரு பாலிதீன் உறையைக் கவிழ்த்தேன். பன்னிரண்டில் ஐந்து வேர் பிடித்தன. வெயில் படாமல், ஈரம் குறையாமல், அதே சமயம் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் கட்டத்தில் எந்தக் கஷ்டமும் இல்லை.

கஷ்டம் தொட்டிக்கு மாற்றிய பிறகு வந்தது. ஒரு மூட்டை செம்மண், மணல், தொழு உரம் கலந்து இரண்டு தொட்டிகள் நிரப்பி, கிணற்றடிக்காரியை வலப்பக்கமும் ரப்பர்க்காரியை இடப்பக்கமும் வாசற்படியின் இரு ஓரங்களில் வைத்தேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தன. பிறகு புதிதாக வரும் இலைகள் வெளுக்கத் தொடங்கின. முதலில் எலுமிச்சை நிறம், பிறகு மஞ்சள், பிறகு ஏறக்குறைய வெள்ளை. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக எழுதி வைத்ததைப் போல நின்றன. எரு போதவில்லை என்று நினைத்தேன். கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். யூரியா தூவினேன். யாரோ சொன்னார்கள் என்று எப்சம் உப்பும் கொடுத்தேன். போடப்போட இலை வெளுத்தது. பெரியம்மாவிடம் புலம்பினேன். “என்ன தண்ணீர் ஊற்றுகிறாய்?” என்று மட்டும் கேட்டார். நல்ல தண்ணீர்தான், தினமும் ஊற்றுகிறேன் என்றேன். அந்தக் கேள்வியை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனி மாதத்தில் வாசல் பக்கத்துச் சன்ஷேடு பூச ஆள் வந்தது. சாரம் கட்டுவதற்காகக் கொத்தனார் இடப்பக்கத்துத் தொட்டியைத் தூக்கிக் கொல்லையில், விறகு போடும் தகரக் கூரையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். சாரல் தொடங்கியிருந்தது. எங்கள் ஊர்ச் சாரலை அறிந்தவர்களுக்குத் தெரியும், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து மலையிடுக்கு வழியாகப் பூந்தூறல் வந்து முகத்தில் படும். கொல்லைக்குப் போகத் தேவையில்லாததால் அந்தத் தொட்டியை ஒரு மாதத்துக்கும் மேல் நான் பார்க்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. செத்திருக்கும் என்று நினைத்துத்தான் ஆடி பிறந்த பிறகு எடுக்கப் போனேன்.

அவள் பச்சையாக நின்றாள். பழைய மஞ்சள் இலைகள் கீழே அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேல் வந்த மூன்று இணை இலைகள் கரும்பச்சை. தூக்கிக்கொண்டு வந்து வாசலில் மற்றவளின் அருகே வைத்தேன். ஒரே மண், ஒரே நாள் நட்டவை. சன்ஷேடுக்கு அடியில், மழை படாமல், நான் தினமும் பார்த்துப் பார்த்துக் கவனித்தவள் வெளிறிக் கிடந்தாள். கூரைச் சொட்டை மட்டும் குடித்தவள் செழித்திருந்தாள். அப்போதுதான் தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றும் இடத்தில் சுண்ணாம்பு தடவியதைப் போல ஒரு வெள்ளைப் படிவு. எங்கள் வீட்டு வாளியில் இருக்கும் அதே படிவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். தொட்டிக்குப் பின்னால் சிமெண்டுச் சுவர், அதன் மேல் ஆண்டுதோறும் அடிக்கும் சுண்ணாம்பு. தொட்டிகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா கேட்ட ஒற்றைக் கேள்வி அவ்வளவு நேராக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். காப்பிக் குடும்பத்துச் செடிகள் பலவும் லேசான புளிப்புள்ள மண்ணில் வளர்ந்து பழகியவை. மழை கழுவிக் கழுவி, இலை மக்கி மக்கி, மலையின் மேற்குச் சரிவில் மண் அப்படித்தான் இருக்கிறது. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து மண்ணைக் காரமாக்கிவிடும். காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் பயனில்லை. வேர் உறிஞ்ச முடியாத வடிவத்தில் அது பூட்டிக்கொள்கிறது. பழைய இலையிலிருக்கும் இரும்பைச் செடியால் எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியாது. அதனால் புதிதாகத் துளிர்ப்பவைதான் முதலில் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவு நேர் எதிர். கீழே உள்ள முதிர்ந்த இலைகளில் தொடங்கும். எப்சம் உப்பில் இருக்கும் மக்னீசியம் குறைந்தாலும் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும். எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்திருந்தால் நான் யூரியாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். உங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரோர இட்லிப்பூச் செடி நரம்பு தெரிய வெளுத்திருந்தால், தயவுசெய்து எருவை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு செய்தவை எளியவை. மாடியிலிருந்து வரும் மழைத் தண்ணீருக்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்று. அது தீர்ந்துபோகும் கோடை நாட்களில் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, மக்கிய இலைக் குப்பையை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினேன். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கிடைக்கும். அது இரும்பு சல்பேட்தான். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல் தெளித்தேன். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வெளிறிக் கிடந்தவளும் தேறினாள். சுவரை விட்டு விலக்கி, கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருவரையும் தரையிலேயே இறக்கினேன். காட்டோரத்துச் செடி இது. நடுப்பகல் வெயிலில் வாடும், முழு நிழலில் பூக்காது. ஆடிக்காற்றில் கிளை ஒடிந்துவிடும் என்பதால் பக்கத்தில் கிளுவைக் கம்பு ஊன்றினேன். தானாக நிமிர்ந்து நிற்கும் செடியும் இல்லை அது, எதன் மீதாவது சாய்ந்து ஏறப் பார்க்கும்.

யார் யார் வந்தார்கள்

போன ஆண்டு ஆவணியில் முதல் வெள்ளை. அதைப் பார்த்த நாளில் நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். அடுத்த வாரம் இலைகளில் கடி. ஒரு இலையில் பச்சையெல்லாம் போய் நடுநரம்பு மட்டும் குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் எச்சமும் இலைத் துணுக்குகளும் ஒட்டிக் குப்பைபோல ஒன்று. தட்டிவிடக் கையை நீட்டிவிட்டேன். குப்பை நெளிந்தது. முள் முள்ளாகப் பழுப்பு நிறத்தில் ஒரு புழு. கமாண்டர் என்று சொல்லப்படும் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. முசெண்டா இலை அதற்குத் தாய்ப்பால் மாதிரி. விட்டுவிட்டேன். சருகு சுருண்டதைப் போன்ற கூட்டுப்புழுவாகத் தொங்கி, ஒரு காலையில் செம்பழுப்புச் சிறகில் அகலமான வெள்ளைப் பட்டையோடு வெளியே வந்தது. சிறகு உலரும்வரை பக்கத்திலேயே நின்றேன். அண்ணன் ரயிலில் சொன்னது நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கிணற்றடிக்காரியின் பூவில் குழல் வாய் ரோமத்தின் நடுவே, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி தலை நீட்டுகிறது. ரப்பர்க்காரியின் பூவில் அது தெரியவே இல்லை, உள்ளே ஆழத்தில் இருக்கிறது. முசெண்டாவில் இப்படி இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒரு வகையின் மகரந்தம் மற்ற வகைக்குப் போனால்தான் சரியாகக் காய்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இந்தச் செடியை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஒரு கட்டுரை, சிதறிச் சிதறி நிற்கும் இந்த இரு வகைகளுக்கும் இடையே வண்ணத்துப்பூச்சிகளை அழைத்துச் செல்வது ஆரஞ்சையும் வெள்ளையையும் அருகருகே வைத்துக் காட்டும் அந்த நிற வேறுபாடு என்று பேசுகிறது. ஒரே தாயிலிருந்து போத்து எடுத்திருந்தால் எனக்குக் காயே கிடைத்திருக்காது. இரண்டு புதரில் வெட்டியது தற்செயல். கார்த்திகையில் சின்னச் சின்னப் பச்சைக் காய்கள் பிடித்தன. கொண்டைக்குருவி ஜோடி ஒன்று பாதியைத் தின்றது. மீதியில் ஒரு காயைப் பிளந்தால் உள்ளே தூசிபோல விதைகள். மண்ணில் புதைக்காமல் மேலே தூவி நனைத்து வைத்தேன்.

நாற்றுப்பண்ணைச் செடியை நான் எடுத்துவிடவில்லை. அது படியருகே பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு அதன்மேல் கோபமில்லை. ஆனால் இந்த ஊர்களில் ஒவ்வொரு வீட்டு முன்பும் அது நிற்க, பத்து மைலுக்கு அந்தப்பக்கம் மழையில் தானாக முளைத்து, புழுவுக்கும் குருவிக்கும் சோறு போடுகிறவளை ஒரு பண்ணையும் வளர்க்காமல் இருப்பது சரியில்லை என்று மனதார நினைக்கிறேன். என்னிடம் இப்போது பதினோரு நாற்றுகள் இருக்கின்றன. அதே பண்ணைக்காரரிடம் நான்கைக் கொடுத்திருக்கிறேன். பையில் ‘வெள்ளிலை’ என்று எழுதிக் கட்டியும் இருக்கிறேன்.

இந்த ஆடிக்குப் பெரியம்மா வந்தார். கிழக்குப் பக்கம் அழைத்துப் போனேன். வெள்ளை தொங்கிக்கொண்டிருந்தது, பூ இருந்தது. அவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கீழிருந்து நான்கு முற்றிய பச்சை இலைகளைக் கிள்ளினார். பீப்பாயிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். பச்சையாக, கொழகொழவென்று விரலிடுக்கில் வழிந்தது. தலைமுடி அலசும் இந்தக் கொழகொழப்புச் சாற்றுக்கு அவர்கள் ஊரில் தாளி என்று பெயர். “எண்ணெய் எடுத்து வா, தலைக்குத் தாளி தேய்த்து விடுகிறேன்” என்றார்.